கத்தியில் ஓடிய நீலம்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, திருவிடந்தையில் எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரம் பட்டறையாகிவிடும். என் தந்தையார் தீட்டுக்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் கத்திகளை ஒவ்வொன்றாய்த் தீட்டுவார். குர்பானி ஆடு முன்முற்றத்தில் நிற்கும். அறுக்கப்படும் பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள்; அதனால் வந்த ஏற்பாடு அது. கத்தியை நன்கு கூராக்கிப் பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டுமென்ற அவர்களின் கட்டளை, ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. சிறுவனான எனக்கு அந்த ஹதீஸ் முதலில் கல்லில் இரும்பு உரசும் ஓசையாகத்தான் அறிமுகமாயிற்று.

தந்தையார் மறைந்தபின் பொறுப்பு எனக்கு வந்தது, பொறுமை வரவில்லை. மின்சாரச் சாணை ஒன்று வாங்கினேன். தீப்பொறி பறக்க ஐந்தே நிமிடத்தில் கத்தி பளபளத்தது. அலகின் ஓரத்தில் மெல்லிய நீலம் ஓடியிருந்தது. பார்வைக்கு அழகாய்த்தான் இருந்தது! பெருநாளன்று இரண்டாவது ஆட்டிலேயே கூர் மழுங்கிவிட்டது. ஒரே இழுப்பில் முடிய வேண்டியது முடியவில்லை. அந்த ஆடு பட்டதை எழுதக் கை கூசுகிறது. இறைச்சியைப் பங்கிட்டுக் கொடுத்தேன்; உண்ண இயலவில்லை.

சில நாள் கழித்து அந்தக் கத்தியை மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவரிடம் கொண்டுபோனேன். கருங்கல்லைக் கொத்தும் உளி விரைவில் மழுங்கும். ஆகவே அதைக் கரி உலையில் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துக் கூரேற்றுவது அத்தொழிலின் பாதி. கத்தியைத் திருப்பிப் பார்த்தவர், "பதம் போச்சே பாய்! நீலம் ஏறவிடலாமா?" என்றார்.

பதமேற்றிய எஃகைச் சூடாக்கினால், ஏறத்தாழ 220 பாகை செல்சியஸில் வைக்கோல் மஞ்சள் படரும். 300-ஐ நெருங்குகையில் நீலமாகும். அதற்குள் கத்திக்கு வேண்டிய கடினம் குறைந்துவிடும். சுழலும் சாணையில் மெல்லிய ஓரம் நொடியில் அந்தச் சூட்டை எட்டிவிடுகிறது. கைப்பிடிப் பக்கம் குளிர்ந்தே இருப்பதால் நாம் அறிவதில்லை. நீலம் பாய்ந்த பகுதியை, அடிக்கடி தண்ணீரில் தோய்த்து, மெல்லத் தேய்த்து நீக்கச் சொன்னார்.

மீண்டும் தந்தையாரின் முறைக்கே வந்தேன். கல்லின் சொரசொரப்பான முகத்தில், சாய்வு மாறாமல், மறுபுறம் அடியிலிருந்து நுனிவரை பிசிறு எழும்பும்வரை தீட்ட வேண்டும். கத்தியைத் திருப்பிப் பிடித்து அவ்வாறே மறுபக்கமும். பிறகு வழவழப்பான முகம். கடைசியில் தோல்வாரில், கூர் பின்னால் வர, சில இழுப்புகள். காகிதத்தின் ஓரத்தில் வைத்தால் கிழிக்காமல் அறுக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு கத்திக்கு அரைமணிக்கு மேலாகிறது. மின்சாரச் சாணை இப்போது மண்வெட்டிக்கு மட்டுமே.

சென்ற பெருநாளுக்கு முன், "முன்முற்றத்தில் வெளிச்சம் நன்றாயிருக்கிறதே, அங்கே தீட்டலாமே" என்றான் பேரன். நான் ஆட்டைக் காட்டினேன். கல்லைத் தூக்கிக்கொண்டு அவனே பின்தாழ்வாரத்துக்கு நடந்தான்.