சேராபீன் இல்லாத மலை

1224-இல் இத்தாலியின் லா வெர்னா மலையில் தவமிருந்த அசிசி பிரான்சிஸின் கைகால்களில் இயேசுவின் காயங்கள் தோன்றின என்பது திருச்சபை மரபு. இதை வரைந்த ஓவியர்கள் வானத்தில் ஆறு சிறகுள்ள வானதூதரான சேராபீனைப் பறக்கவிடுவது வழக்கம். லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஜோத்தோவின் படத்தில், சேராபீனிடமிருந்து புனிதரின் காயங்களுக்குக் கோடு கிழித்ததுபோல் கதிர்கள் பாய்கின்றன. என்ன நடக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது.

வெனிஸ்காரர் ஜொவான்னி பெல்லினி, 1470-களின் பிற்பகுதியில், இதே காட்சியை வரைந்தபோது அந்தச் சேராபீனையே எடுத்துவிட்டார். எத்தனை துணிச்சல்! பாறைக்குகையை விட்டு வெளியே வந்து, கைகளை விரித்து, இடப்பக்கம் அண்ணாந்து பார்க்கிறார் பிரான்சிஸ். அங்கே இருப்பது வெளிச்சம் பட்டு வளைந்து நிற்கும் ஒரு மரம்தான். உள்ளங்கைக் காயத்தையும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பிரான்சிஸின் செருப்பு? பின்னால் மேசையடியில் கிடக்கிறது. விவிலியத்தில் எரியும் முட்செடியின் முன் மோசே மிதியடியைக் கழற்றியதை இது நினைவூட்டுகிறது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. மேசைமேல் மண்டையோடு, மரணத்தை மறவாதே என்பதற்கு. கழுதை, நாரை, கல்லிடுக்கில் எட்டிப் பார்க்கும் முயல் என ஒவ்வொன்றுக்கும் ஆளாளுக்கு ஒரு விளக்கம் உண்டு. முயலை முயலாகவே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. பறவையோடும் விலங்கோடும் பேசியவராயிற்றே பிரான்சிஸ்!

1915-இல் தொழிலதிபர் ஹென்றி பிரிக் வாங்கிய இந்தப் படம், நியூயார்க்கில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.