இடது பின்சக்கரம்

அப்பா அமெரிக்காவுக்கு வந்துவிட்டு ஊர் திரும்பியதும் எல்லோரிடமும் சொன்ன முதல் கதை, ரோட்டோரம் கிடந்த டயர் தோல்களைப் பற்றியது. ஹூஸ்டன் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த நாற்பது நிமிடத்தில் ஏழு எண்ணியிருந்தார். "அஞ்சு லாரி டயரு. ரெண்டு சின்ன வண்டி டயருடா. சின்ன வண்டி டயரு எதுக்கு உரியுது?" என்று கேட்டார். நான் ரேடியோவில் போக்குவரத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது 2000 ஜூன். அப்பா மதுரைப் பக்கம் ஒரு பஸ் டிப்போவில் டயர் செக்‌ஷனில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பஸ் வந்தால் போர்டைப் பார்ப்பார்கள், அவர் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பார். சின்ன வயதில் எனக்கு அது பெரிய வெட்கம்.

என்னிடம் அப்போது 1997 மாடல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் இருந்தது. பழைய வண்டியாக மார்ச் மாதம்தான் வாங்கியிருந்தேன். அதற்கு ஒரு மாதம் முன்னால், பிப்ரவரியில், ஹூஸ்டனின் உள்ளூர் டிவியான சேனல் 11 எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடும்போதே ஃபயர்ஸ்டோன் டயரின் மேல்பட்டை உரிந்துபோவதையும், வண்டி உருண்டு ஆட்கள் சாவதையும் ஒரு செய்தித் தொகுப்பாகக் காட்டியிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று இப்போது சொல்லலாம். விலை குறைவாக இருந்தது, வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்று இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. 15 அங்குல ஏ.டி.எக்ஸ்., ஏ.டி.எக்ஸ்.-2 முழுவதும். வில்டர்னஸ் ஏ.டி. என்றால் இல்லினாய் மாநிலத்தில் டெகேட்டர் என்ற ஊரின் ஆலையில் செய்தவை மட்டும். வெயில் மாநிலங்களுக்கு முன்னுரிமை: டெக்சஸ், அரிசோனா, ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா. என் வண்டியில் இருந்தது வில்டர்னஸ் ஏ.டி. எந்த ஆலை என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பது அவ்வளவு லேசில்லை. முழு எண்ணும் டயரின் ஒரு பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும், பெரும்பாலும் உள்பக்கம். அப்பா ஞாயிற்றுக்கிழமை பேப்பரை அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் விரித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். பக்கத்து வீட்டு மெக்சிகோக்காரர் உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்கு அடுத்த இரண்டு எழுத்து ஆலையின் அடையாளம், டெகேட்டர் என்றால் வி.டி. கடைசி மூன்று இலக்கம் வாரமும் வருஷமும். 117 என்றால் 1997-இன் பதினோராவது வாரம். அப்பா வெளியே வந்து, கரண்ட் பில் வந்த கவரின் பின்னால் நான்கு சக்கரத்துக்கும் நான்கு வரி எழுதினார். டிப்போ ரிஜிஸ்டரில் எழுதிப் பழகிய கை. மு.இ., மு.வ., பி.இ., பி.வ. என்று சுருக்கம் வேறு.

ஒன்றிலும் வி.டி. இல்லை.

"தப்பிச்சோம்" என்றேன்.

"யாரு?" என்றார் அப்பா, கையைத் துடைத்துக்கொண்டே.

அந்தச் சனிக்கிழமை பேர்லண்டில் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். ஹூஸ்டன் தமிழர்கள் எதைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வருவது அந்தக் கோயில் பார்க்கிங்கில்தான். பேப்பர் தட்டில் புளியோதரையோடு ஐந்தாறு எக்ஸ்ப்ளோரர்காரர்கள் கூடிவிட்டார்கள்.

ரிஃபைனரியில் வேலை பார்த்த கோயம்புத்தூர் அண்ணாவின் டயர் நான்கும் வி.டி. மாற்றியாகிவிட்டது. "அம்பதாயிரம் மைல் ஓடுன டயருங்க தம்பி. இன்னும் ஆறு மாசத்துல நானே மாத்தியிருக்கோணும். கூப்புட்டுச் சும்மா குடுக்கறப்ப வேண்டாமுங்கறதுக்கு நான் என்ன அரிச்சந்திரனா?" அவருக்குப் போட்டதும் அதே கம்பெனியின் வேறு ஆலை டயர்தான்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் கணக்காளர். டிவி செய்தியைப் பார்த்துப் பயந்து ஜூலையிலேயே தன் கைக்காசில் வேறு கம்பெனி டயர் வாங்கிவிட்டார். இப்போது பில்லைக் காட்டினால் ஒரு டயருக்கு நூறு டாலர் வரைக்கும் திருப்பித் தருவார்களாம். "நான் நூற்றிப் பதினெட்டு கட்டினனான். மிச்சப் பதினெட்டை ஆர் தாறது?" என்றார். யாரோ, இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஆரம்பித்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இலவசம் எண்டு சொல்லாதேங்கோ. கார் வாங்கேக்க அந்த டயருக்கும் சேர்த்துத்தானே காசு குடுத்தனாங்கள். ஒருக்கா விற்ற சாமானைத்தான் அவன் இப்ப ஒழுங்காத் தாறான்."

என் ஆபீஸ் நண்பன் சென்னைக்காரன். அவன் கட்சி வேறு. "டயர் மேல பழி போட்டு ஃபோர்டு தப்பிக்குது மச்சி. கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல காத்து 26 பி.எஸ்.ஐ.ன்னு போட்டிருக்கான். டயர்க்காரன் 30 வைன்றான். காத்த ஏன் கம்மி பண்ணான்?" காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கும். மடங்க மடங்கச் சூடு. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்டீல் பெல்ட் ரப்பரால் ஒட்டியிருக்கும், சூட்டில் அந்த ஒட்டு விடும். விட்டால் மேல் பெல்ட் பட்டனோடு சேர்ந்து வாழைப்பழத் தோலாக உரிந்து வரும். சாதாரணக் கார் என்றால் தடதடவென்று ஆட்டிவிட்டு நிற்கலாம். எக்ஸ்ப்ளோரர் உயரம். பதற்றத்தில் ஸ்டியரிங்கை வெட்டினால் உருண்டுவிடும். அது வண்டியின் குற்றம் என்பது நண்பனின் வாதம். சிரித்துக்கொண்டே அண்ணா மறித்தார்: "அப்ப குட்இயர் டயர் போட்டு வந்த எக்ஸ்ப்ளோரர் ஏன் உருளல?" அதுவும் உண்மைதான். 1995 முதல் 1997 வரை சில எக்ஸ்ப்ளோரர்கள் குட்இயர் டயரோடு வந்தன, அவற்றில் இந்தத் தொல்லை மிக அரிது.

இன்றைக்கு யோசித்தால் ஒன்று தெரிகிறது. ஒவ்வொருவரும் தன் டயரின் எண்ணுக்கு ஏற்ற கருத்தை வைத்திருந்தோம். மாற்றிக் கிடைத்தவருக்குக் குற்றவாளி டெகேட்டர். பணம் கட்டியவருக்கு இரண்டு கம்பெனியும். எதுவும் கிடைக்காத எனக்கு, டெகேட்டர் தவிர மற்ற ஆலை டயர் எல்லாம் வைரம்.

அப்பா அதுவரை வாய் திறக்கவில்லை. தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, "அந்த டெகேட்டர் ஃபேக்டரில ஸ்ட்ரைக் நடந்துச்சாமே, பேப்பர்ல போட்டிருந்தான்" என்றார். நடந்தது. 1994 ஜூலையில் ஆரம்பித்தது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், சம்பளக் குறைப்பு என்று கம்பெனி கேட்க, தொழிலாளர்கள் வெளியே போக, கம்பெனி மாற்று ஆட்களை நிரந்தரமாகவே எடுத்தது. 1996 டிசம்பரில்தான் ஒப்பந்தம் ஆனது. "புதுசா வந்தவனும் வெளிய போயிட்டுத் திரும்புனவனும் பக்கத்துல பக்கத்துல நின்னு வேல பாத்திருப்பான். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். திரும்பி வந்தவன் கை உடனே பழைய கையா இருக்காதுப்பா" என்றார் அப்பா. எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மறுபடி காற்று அளவுக்குப் போய்விட்டார்கள். நானும்தான். நான்கு வருஷம் கழித்து, ஆலன் க்ரூகர், அலெக்சாண்டர் மாஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்த ஆலையைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை வந்தது. பழுதான டயர்கள் அதிகம் செய்யப்பட்டது, நிர்வாகம் சலுகைகளைப் பறிக்கக் கேட்ட மாதங்களிலும், மாற்று ஆட்களும் திரும்பி வந்தவர்களும் சேர்ந்து வேலை செய்த மாதங்களிலும் என்று கண்டிருந்தார்கள். அதைப் படித்த அன்று புளியோதரை வாசனை அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார், "நாலையும் மாத்திரு."

நானூறு டாலர் பக்கம் ஆகும். நான் எச்-1பி விசாவில் இருந்தேன், க்ரீன் கார்டு வக்கீலுக்கு அந்த மாதம்தான் செக் கொடுத்திருந்தேன். "நம்ம டயர் லிஸ்ட்லயே இல்லப்பா. கம்பெனியே நல்லாருக்குன்றான். பட்டனும் நல்லாருக்கு."

"பட்டன் இருக்கும்டா. பட்டனோடதான உரியுது."

நான் மாற்றவில்லை. காற்றை மட்டும் 30-க்கு ஏற்றினேன்.

செப்டம்பர் முதல் வாரம் லேபர் டே விடுமுறைக்கு சான் அன்டோனியோ போனோம். அறை முன்பே பதிவு செய்தது, ரத்து செய்தால் பணம் வராது. போகும்போது அப்பா அம்மாவை வலப்பக்கம் உட்கார வைத்துவிட்டுத் தான் டிரைவருக்குப் பின்னால் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். முன்னால வாங்கப்பா, ஊர் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். இங்கேயே வசதி என்றார். ரிவர் வாக்கில் படகில் போனோம். ஆலமோ கோட்டை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, நம்ம திருமயத்தில் பாதி இல்லை என்றாள்.

திரும்பியது செப்டம்பர் 4, திங்கள். அன்று ஹூஸ்டனில் 109 டிகிரி, நம் கணக்கில் 43 செல்சியஸ். நகரத்தில் அதுவரை பதிவான வெயிலிலேயே அதிகம். ஐ-10 நெடுஞ்சாலையில் எழுபது மைலில் போய்க்கொண்டிருந்தேன். அப்பா ஐம்பத்தைந்தில் போகச் சொல்லவில்லை, ஏசியைக் குறைக்கச் சொல்லவில்லை. கொலம்பஸ் என்ற ஊர் வந்ததும் பாத்ரூம் போகணும் என்றார். பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். அவர் பாத்ரூம் பக்கமே போகவில்லை. வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். இடது பின்சக்கரத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் கை இருந்தது. நான் ஒரு தண்ணீர் பாட்டிலோடு போய், "ஊத்தவா?" என்றேன்.

"ஊத்தாத. ஒரு மணி நேரம் நிழல்ல நிக்கட்டும்."

நின்றது. அம்மா ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். பிறகு வீடு வந்து சேர்ந்தோம், ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா?" என்று கேட்டேன். ஜெயித்த குரலில்தான் கேட்டேன். அந்த வாரம் காங்கிரஸ் விசாரணையை டிவியில் போட்டார்கள். பெல்ட் பிரிவது பின்சக்கரத்தில்தான் அதிகம், அதிலும் இடது பக்கம் என்ற தகவல் எனக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. அப்பா எந்தப் பேப்பரில் எப்போது படித்தார் என்று தெரியாது. கேட்கவுமில்லை.

டிசம்பரில் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

2001 மே மாதம் சம்பந்தி வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்தது. சம்பந்தி என்று சும்மா சொல்லவில்லை. ஹென்றி ஃபோர்டின் பேரனுக்கும் ஹார்வி ஃபயர்ஸ்டோனின் பேத்திக்கும் 1947-இல் கல்யாணம். அவர்களின் மகன்தான் அப்போது ஃபோர்டு கம்பெனியின் சேர்மன். 1906-லிருந்து தொடர்ந்த வியாபார உறவை, மே 21 அன்று, "உங்கள் வண்டியில்தான் கோளாறு" என்ற பொருளில் கடிதம் எழுதி ஃபயர்ஸ்டோன் முறித்துக்கொண்டது. மறுநாள் ஃபோர்டு தன் வண்டிகளில் இருக்கும் வில்டர்னஸ் ஏ.டி. டயர் எல்லாவற்றையும், எந்த ஆலையானாலும், 1 கோடியே 30 லட்சத்தையும் தன் செலவில் மாற்றுவதாக அறிவித்தது. செலவு சுமார் 300 கோடி டாலர்.

கோயில் பார்க்கிங்கில் மறுபடி கூட்டம். கோயம்புத்தூர் அண்ணா தலையில் அடித்துக்கொண்டார்: "போன வருசம் சும்மா மாட்டுனத இந்த வருசம் சும்மா கழட்டறானுங்க. அப்ப நடுவுல ஒரு வருசம் என்ற கொழந்தைங்க எதுல போச்சுங்க?" யாழ்ப்பாணத்து அக்கா ஒன்றும் சொல்லவில்லை, தன் டயரைக் காட்டி மட்டும் சிரித்தார். சென்னை நண்பன் அங்கே இல்லை. டாட்காம் சரிவில் வேலை போய், வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஊர் போயிருந்தான். வாங்கியவருக்கு இந்தக் கதையெல்லாம் சொன்னானா என்று தெரியவில்லை.

நான் ஜூலையில் போய் மாற்றிக்கொண்டேன். ஓசி காபி குடித்துக்கொண்டு ஏசியில் உட்கார்ந்து பழைய பத்திரிகை புரட்டினேன். ஒன்றரை மணி நேரம். கையெழுத்துப் போட்டேன், பைசா கொடுக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

அக்டோபரில் அரசாங்கத்தின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் தன் முடிவைச் சொன்னது. டெகேட்டர் மட்டுமில்லை, வேறு இரண்டு ஆலைகளில் 1998 மே மாதத்துக்கு முன் செய்த வில்டர்னஸ் ஏ.டி. டயர்களிலும் குறை இருக்கிறது. ஃபயர்ஸ்டோன் மேலும் 35 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. கடைசிக் கணக்கில் அமெரிக்காவில் மட்டும் இறந்தவர்கள் 271 பேர்.

மேஜை டிராயரில் அந்தக் கவர் கிடந்தது. மு.இ., மு.வ., பி.இ., பி.வ. நான்கு வரியிலும் கடைசி இலக்கம் 7. ஆலை எழுத்துகளைப் பட்டியலோடு ஒப்பிட்டேன். நான்குமே அதில் இருந்தன.

இரண்டு நாள் கழித்துத்தான் போன் செய்தேன். அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். லிஸ்டில் இல்லை என்று நான் சொன்ன டயர் இப்போது லிஸ்டில் இருக்கிறது, நாம் சான் அன்டோனியோ போனது அதில்தான் என்று. திட்டுவார் என்று காத்திருந்தேன். கார்டு போட்டுப் பேசும் காலம், மௌனத்துக்கும் காசு.

"கழட்டுன டயரு எங்க?" என்றார்.

"கடைக்காரன் எடுத்துக்கிட்டான்ப்பா."

"ஓட்ட போட்டானா? இல்லேனா எவனாவது ஏழை பாழை எடுத்து மாட்டிக்குவான். பட்டன் நல்லாருக்குல்ல."

"தெரியல. நான் உள்ள உக்காந்திருந்தேன்."

"வெளிய வந்து பாத்திருக்கலாம்ல" என்றார். அப்புறம், "இந்தா, அம்மாட்ட பேசு" என்று போனைக் கொடுத்துவிட்டார்.