தீப்பெட்டிக்குள் ஒரு தையல் பெட்டி

சேலைத் தலைப்பு ஆணியில் மாட்டிக் கிழிவதும், பிள்ளையின் சட்டைப் பட்டன் பஸ் ஏறும் நேரத்தில் தெறித்து விழுவதும் சொல்லிவிட்டு வருவதில்லை. அதனால்தான் அம்மாக்களும் பாட்டிகளும் தாலிக்கொடியில் எப்போதும் இரண்டு ஊக்கு கோத்து வைத்திருந்தார்கள். கையோடு போகும் முதல் தையல் பெட்டி அதுதான்.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் இதற்கென்று தனியாக டப்பா வாங்க வேண்டியதில்லை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தொழிலால் தீப்பெட்டிக்குப் பேர்போன பகுதி அது. காலித் தீப்பெட்டி ஒன்றே போதும்.

உள்ளே என்னென்ன வைக்கலாம்?

மெல்லிய ஊசி ஒன்று, தடித்த ஊசி ஒன்று. இரண்டையும் ஒரு துண்டுத் துணியில் குத்திவைத்தால் கையில் குத்தாது. துணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் துருவும் ஏறாது. பெட்டிக்குள் அடங்கும் அளவுக்கு அட்டையை வெட்டி, அதில் வெள்ளை, கறுப்பு, வீட்டில் அதிகம் உடுத்தும் ஒரு நிறம் என மூன்று நூல்களைச் சுற்றிக்கொள்ளலாம். சட்டைப் பட்டன் இரண்டு, ஜாக்கெட் கொக்கி இரண்டு, பெரிதும் சிறிதுமாக நான்கு ஊக்கு. கண் மங்கியவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கும் கம்பி ஒன்று. கத்தரிக்கோல் தேவையில்லை, நகவெட்டியே நூலை நறுக்கிவிடும். மேலே ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் வேலை முடிந்தது. கல்லூரிக்குப் போகும் மகளின் பையிலும், அலுவலகம் போகிறவரின் பையிலும் இது இடத்தை அடைக்காது.

ஆனால், இதே ஊரில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பெட்டி கேட்டுக்கு உள்ளே ஆகாது. காலியாக இருந்தாலும் தீப்பெட்டி தீப்பெட்டிதான், பக்கவாட்டில் உரசும் மருந்து இருக்கிறதே! ஊசியும் ஊக்கும் இரும்பு. மருந்துக் கலவையில் ஒரு ஊக்கு தவறி விழுந்து உராய்ந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அவர்கள் பருத்தி உடைதான் உடுத்தி வர வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. பாலியஸ்டர் துணி உடம்பில் உரசும்போது நிலைமின்சாரம் சேர்கிறது. அது வெளியேறும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு பொறி பறந்தாலும் போதும், மருந்து பற்றிவிடும். பருத்தி ஈரத்தை வைத்துக்கொள்வதால் அதில் மின்சாரம் அவ்வளவாகத் தங்காது. வறண்ட காற்று வீசும் கந்தக பூமியில் இது இன்னும் முக்கியம்.

சிக்கல் எங்கே என்றால், பருத்தி சீக்கிரம் நைந்துபோகும். சேலைக்கு மேலே போட்டுக்கொள்ளும் பழைய காட்டன் சட்டை அக்குளில் விட்டுப்போகும், பட்டன் உதிரும். பாலியஸ்டரோ கிழியாது, விலையும் குறைவு. ‘இன்னிக்கு ஒருநாள்தானே’ என்று கை அதற்குத்தான் போகும். அந்த ஒருநாளைத் தடுப்பது வீட்டில் இருக்கும் ஊசியும் நூலும்தான்.

ஆகவே, ஆலைக்குப் போகிற வீட்டில் தையல் பெட்டிக்கு இடம் சாமி மாடத்துக்குப் பக்கத்திலோ, கண்ணாடிக்குக் கீழோ இருக்கட்டும். நூலும் பருத்தி நூலாகவே இருக்கட்டும். கிழிசலை ஊக்கு குத்திச் சமாளிக்காமல், பின்தையல் போட்டு இரண்டு பக்கமும் முடிச்சிட்டு விடுவது நல்லது. நைந்த இடத்தில் பழைய வேட்டித் துண்டை உள்பக்கம் வைத்துத் தைத்தால் இன்னும் ஆறு மாதம் வரும்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மறுநாள் உடுத்தும் துணியை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்தால் கிழிசல் தெரிந்துவிடும். தைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.