அந்த ஆளுக்குக் காவல் யாரு?

சிவகிரியில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்றால் போதும், சின்னப் பையன்கூட வாசல் வரை கொண்டுவந்து விடுவான். மெட்ராஸ் ரெஜிமெண்டில் பதினேழு வருஷம் இருந்தவர். இப்போது மலையடிவாரத்தில் கொஞ்சம் எலுமிச்சை போட்டிருக்கிறார். தேர்தல் வந்தால் முன்னாள் ராணுவத்தினரைப் பாதுகாப்புப் பணிக்குக் கூப்பிடுவார்கள். அவரும் பழைய பூட்ஸைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு வாக்குச்சாவடி வாசலில் போய் நிற்பார்.

2024 செப்டம்பரில் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது டீக்கடையில் அதே பேச்சுதான். மருமகன் முறையுள்ள ஒருவர் கேட்டார்: “ஏன் மாமா, நம்ம கவர்மெண்ட் நெனச்சா அங்க நம்ம ஆளுகளுக்குத் தோதா ஒருத்தரக் கொண்டாந்து உக்கார வைக்க முடியாதா?”

“கொண்டாரலாம் மருமவனே. பெறவு அந்த ஆளுக்குக் காவல் யாரு நிப்பா? நாங்கதான நின்னோம்” என்றார் அவர்.

அவர் சொன்னது கற்பனையல்ல. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதிப்படை இலங்கையில் இறங்கியது. அந்த ஒப்பந்தத்தின் பலனாக இலங்கை அரசியல் சட்டத்தில் 13-வது திருத்தம் வந்தது. மாகாண சபைகள் உருவாயின. வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைத்து, 1988 நவம்பர் 19 அன்று தேர்தல் என்று நாள் குறித்தார்கள். சபையில் மொத்தம் 71 இடங்கள்.

விடுதலைப் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். நிற்க நினைத்தவர்களுக்கு உயிர்ப் பயம். கடைசியில், வடக்கு மாகாணத்தின் 36 இடங்களுக்கும் போட்டியே இல்லை. இந்தியாவுக்கு நெருக்கமாக இருந்த ஈ.பி.ஆர்.எல்.எஃப். 24 இடங்களையும், ஈ.என்.டி.எல்.எஃப். 12 இடங்களையும் எடுத்துக்கொண்டன. கிழக்கில் மட்டும் ஓட்டுப்பதிவு நடந்தது. அங்கே ஈ.பி.ஆர்.எல்.எஃப். 17, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1. வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார்.

நம் மிலிட்டரிக்காரர் அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தார். தேர்தல் நாள் அங்கே மற்ற நாளைப் போலவே விடிந்தது. பூத் இல்லை, வரிசை இல்லை, விரலில் மை இல்லை. சிவகிரியில் ஓட்டு நாளென்றால் கிழவிகள்கூடப் புதுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். தமிழ் பேசத் தெரிந்த சிப்பாய் என்பதால் தெருவில் உள்ளவர்கள் அவரிடம்தான் வாய் திறப்பார்கள். அன்றைக்கு ஒரு மூதாட்டி, கோபமே இல்லாமல் கேட்டாராம்: “தம்பி, எங்கட வோட்டையும் நீங்களே போட்டிட்டியளோ?”

அதற்கு அவரிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை என்கிறார்.

அந்த ஆட்சி எத்தனை நாள் நின்றது? இந்தியப் படை அங்கே நின்ற நாள் வரைக்கும்தான். பிரேமதாச ஜனாதிபதியானதும் படையைத் திரும்பிப் போகச் சொன்னார். 1990 மார்ச் 24 அன்று கடைசி அணியும் கப்பலேறியது. அதற்குச் சற்று முன்பே பெருமாளும் இந்தியாவுக்கு வந்துவிட்டார். பல ஆண்டுகள் இங்கேதான் இருந்தார். அந்தக் கட்சிக்காரர்கள் பலரும் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. இந்தியத் தரப்பில் சுமார் 1,200 வீரர்கள் உயிர் இழந்திருந்தார்கள். திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அங்குள்ள தமிழர்கள் பட்ட பாடுதான் அதற்கு அவர் சொன்ன காரணம். யாழ்ப்பாணத்தில் அந்நியனாக நின்றவர், சொந்த மாநிலத்திலும் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்.

இதில் இந்தியாவின் நோக்கம் கெட்டது என்று அவர் சொல்வதில்லை. “அதிகாரப் பகிர்வுன்னு அந்த சனங்களுக்குச் சட்டத்துல இன்னைக்கும் மிச்சம் இருக்கது அந்த 13-வது திருத்தம்தான்” என்பார். விதியை மாற்ற உதவியது நிலைத்தது. ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நிலைக்கவில்லை. அவருடைய கணக்கு இவ்வளவுதான்.

அடுத்தவர் நம் வீட்டில் அதே வேலையைச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். சிவகிரிக்கு மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். 1957-ல் அங்கே இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது; 1959 ஜூலை 31-ல் கலைக்கப்பட்டது. 1973 முதல் 1975 வரை டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த டேனியல் பேட்ரிக் மொய்னிஹான், 1978-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒன்றைப் போட்டு உடைத்தார். கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்ட்கள் ஜெயிக்கக் கூடாது என்று அமெரிக்கா இரண்டு முறை காங்கிரசுக்குப் பணம் கொடுத்தது, அதில் ஒரு முறை கட்சிப் பொறுப்பில் இருந்த இந்திரா காந்தியிடமே கொடுக்கப்பட்டது என்று எழுதினார். இந்திரா அதை மறுத்தார். பணம் வந்ததோ இல்லையோ, அந்தச் சந்தேகம் இன்றுவரை போகவில்லை. சோவியத் தரப்பும் சும்மா இருக்கவில்லை என்று பின்னால் வந்த ஆவணங்கள் பேசின.

உலகம் முழுக்க இதே கதைதான். 1946 முதல் 2000 வரையிலான தேர்தல்களை ஆராய்ந்த டோவ் லெவின் என்ற அறிஞர், அமெரிக்கா 81 முறையும், சோவியத் யூனியனும் அதன் பின் ரஷ்யாவும் 36 முறையும் பிற நாட்டுத் தேர்தல்களில் ஒரு பக்கம் சாய்ந்து வேலை செய்ததாகக் கணக்கிட்டார். ஒவ்வொருவரும் ‘நல்லவர் வரட்டும் என்றுதான் செய்தோம்’ என்பார்கள். அந்த நல்லவர் யாருக்கு நல்லவர் என்பதில்தான் சிக்கல்.

நம் நாடும் இதை உணர்ந்துதான் 1976-ல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. வேட்பாளர், கட்சி, நீதிபதி, பத்திரிகையாளர், ஏன், கார்ட்டூன் போடுபவர்கூட அந்நியப் பணம் வாங்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். நம் ஓட்டில் அடுத்தவன் கை படக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, அடுத்தவர் ஓட்டில் கை வைப்பது எப்படிச் சரியாகும்?

“அப்போ பக்கத்து வீட்ல அநியாயம் நடந்தா வேடிக்கை பாக்கவா சொல்லுதீக?” என்று அந்த மருமகன் விடவில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கும், வீட்டுக்குள் புகுந்து குடும்பத் தலைவரை நியமிப்பதற்கும் நடுவில் எத்தனையோ காரியங்கள் இருக்கின்றன.

மைசூரில் தயாராகும் அழியாத மை 1962 தேர்தலிலிருந்து நம் விரல்களில் இருக்கிறது. பல வெளிநாடுகளும் அதை வாங்குகின்றன. அந்த மை யாருக்கு ஓட்டு என்று கேட்பதில்லை. ஒருவர் இரண்டு தடவை போடாமல் பார்த்துக்கொள்கிறது. அதே மாதிரிதான் பார்வையாளர்களும். 2013 செப்டம்பர் 21-ல், வட மாகாண மக்கள் முதல்முறையாகத் தங்கள் சபைக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். மேற்பார்வையிட வந்த தெற்காசியக் குழுவுக்கு இந்தியாவின் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் என். கோபாலசாமி தலைமை வகித்தார். துப்பாக்கி இல்லை, குறிப்பேடு மட்டும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38-ல் 30 இடங்களை வென்றது; விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அவரைப் பிடிக்காதவர்கள்கூட ‘டெல்லி கொண்டுவந்து வைத்த ஆள்’ என்று சொல்ல முடியவில்லை.

அந்தச் சபையின் காலம் 2018-ல் முடிந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகளாகத் தேர்தலே நடத்தப்படவில்லை. ‘தேர்தலை நடத்துங்கள்’ என்று இந்தியா கேட்கலாம். உரத்த குரலிலேயே கேட்கலாம். ‘இவரை ஜெயிக்க வையுங்கள்’ என்று மட்டும் கேட்கக் கூடாது.

2024 நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தபோது டீக்கடை அதிர்ந்துபோனது. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை, கொழும்பில் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தியே பிடித்திருந்தது. “இதென்ன மாமா, இப்படிப் போட்டுட்டாக?” என்றார் மருமகன்.

“அவுக ஓட்டு, அவுக போட்டுட்டாக. தப்புன்னு பட்டா அடுத்த தடவ அவுகளே மாத்துவாக” என்று சொல்லிவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச நேரமாகிவிட்டதென்று கிளம்பினார் அவர்.