பூட்டிக்கு என்ன பேர்?

களக்காட்டில் எங்கள் வீட்டில் பாட்டியை ஆச்சி என்போம். தாத்தாவின் தம்பி மனைவி சின்னாச்சி. நாலு வீடு தள்ளிப் போனால் அதே வயதுக்காரரை அப்பத்தா என்பார்கள், அம்மாச்சி என்பார்கள். கோவில்பட்டிப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் அவ்வா. சொல்லுக்குப் பஞ்சமில்லை. தாத்தாவைப் பெற்ற பூட்டிக்கு என்ன பேர் என்று கேட்டால்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

பாட்டிக்கு மேல் பூட்டி. அதற்கு மேல் ஓட்டி, சேயோள், பரை என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எங்கள் ஊரில் யாரும் ஓட்டி என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏழு தலைமுறைக்குச் சொல் தரும் அந்தப் பட்டியலில் ஒரு கிழவியின் பேர்கூடக் கிடைக்காது.

பத்திரங்களைப் புரட்டினேன். தாத்தாவின் அப்பா, அவர் அப்பா என்று ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். பூட்டி பேரில் சொத்து இல்லை. அதனால் அவர் பேரும் இல்லை.

இத்தனைக்கும் தாய்வழி எண்ணிக்கை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 16-ஆம் நூற்றாண்டில் களக்காட்டில் அரண்மனை வைத்திருந்த வேணாட்டு அரசர்கள் மருமக்கள்தாயக்காரர்கள். பட்டம் மகனுக்கல்ல, சகோதரியின் மகனுக்கு. நெல்லைச் சீமையின் கொண்டையங்கோட்டை மறவர்களிடம் கிளை உண்டு. பிள்ளைக்குத் தாயின் கிளைதான். தகப்பன் வேறு கிளை. ஒரே கிளைக்காரர்கள் அண்ணன் தங்கை முறை, கல்யாணம் கூடாது. ஃபாசெட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1903-இலேயே இவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கூடப் படித்த நண்பனிடம் கேட்டேன். கிளையைச் சட்டென்று சொன்னான். அந்தக் கிளையை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த பூட்டியின் பேரைக் கேட்டதும் அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

கடைசியில் சின்னாச்சியிடம் போனேன். பூட்டி கையால் சோறு வாங்கித் தின்றவர்களில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். திண்ணையில் காலை நீட்டி வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

“மாமியா பேர எப்படிய்யா நான் சொல்லுவேன்?”

“அவுக போய் அம்பது வருசம் ஆச்சே ஆச்சி.”

“போனா மட்டும் மாமியா இல்லன்னு ஆயிருமா?” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “பாப்பா கல்யாணக் கடுதாசி டிரங்குப் பெட்டில கெடக்கும். எடுத்துப் பாரு” என்றார்.

பாப்பா அத்தை சின்னாச்சியின் மூத்த மகள். மஞ்சள் தடவிய மூலை இன்னும் மங்காத அந்தப் பத்திரிகையில் மணப்பெண் பேர் வேறு. என் சொந்த அத்தையை ராசாத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன், அதே பேர். பெரிய தாத்தா வீட்டுக் குட்டி அத்தைக்கும் அதே பேர். பூட்டிக்கு மூன்று மகன்கள். மூன்று பேரும் தங்கள் தலைமகளுக்குத் தாயின் பேரை வைத்திருக்கிறார்கள். வைத்த பேரைச் சொல்லி மருமகள்கள் பிள்ளையை ஏச முடியுமா? ஏச ஒரு பேர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர் என்று ஆகிவிட்டது. பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதிலிருந்து வந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் மூன்று பெயர்த்திகள், கூப்பிட்டவர் யாருமில்லை.

பேரை இங்கே எழுதவில்லை. சின்னாச்சிக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுவார்கள்.

இந்த வழியைப் பிடித்தால் இன்னும் ஒரு படி ஏறலாம் என்று தோன்றுகிறது. எங்கள் பக்கம் தலைமகளுக்கு அப்பாவைப் பெற்றவள் பேர், இரண்டாமவளுக்கு அம்மாவைப் பெற்றவள் பேர். அப்படியானால் பூட்டியின் இரண்டாவது மகளிடம் பூட்டியைப் பெற்றவளின் பேர் இருந்திருக்க வேண்டும். அவரைத் திருக்குறுங்குடியில் கட்டிக்கொடுத்ததாகச் சின்னாச்சி சொல்கிறார். அங்கே அவரையும் ஆச்சி என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். அவர் மகன்வழிப் பேத்திகளில் மூத்தவள் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.