படிக்கின்ற பிள்ளைக்குச் சம்பளமா?



"ஐயா, படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் கொடுப்பாங்களா?"

இப்படி என்னைக் கேட்டவர் ஈப்போ, புந்தோங்கில் வசிக்கும் ஒரு தந்தை. சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் அத்தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மரம் சீவியவர். பால் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது குடும்பம் ஈப்போவிற்குக் குடிபெயர்ந்தது. இன்று அவர் மெங்கிளம்புவில் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலர். அவர் மனைவி கச்சாங் பூத்தே வணிகர்களுக்கு வீட்டிலேயே முறுக்குச் சுட்டுக் கொடுக்கிறார்.

இவர்களின் மகள் ஆறாம் ஆண்டில் என்னிடம் அறிவியல் படித்தவள். பின்னர் வேதியியலில் இளங்கலைப் பட்டத்தை முதல் வகுப்பில் முடித்தாள். அந்த வாரம் அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. ஒன்று, பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. மாதம் 2,600 ரிங்கிட். மற்றொன்று, ஆய்வுவழி முதுகலை படிக்கப் பல்கலைக்கழக அனுமதி. இரண்டையும் எடுத்துக்கொண்டு தந்தை என் வீட்டிற்கு வந்துவிட்டார்.

பல்கலைக்கழகக் கடிதத்தைப் புரட்டினேன். பருவக் கட்டணம், பதிவுக் கட்டணம், தங்குமிடக் கட்டணம் என வரிசையாக இருந்தன. "முதலில் வேலைக்குப் போகட்டும், படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற சொற்கள் என் நாவின் நுனிவரை வந்துவிட்டன.

அவை அங்கேயே நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே நாற்காலியில் இன்னொரு மாணவன் இதே போன்ற கடிதத்துடன் அமர்ந்திருந்தான். கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போ தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அவனும் போனான். அவன் சேர விரும்பிய பேராசிரியரிடம் அப்போது ஆய்வு மானியம் இருந்தது என்பதையும், ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டிருந்தால் மாதப் படி கிடைத்திருக்கும் என்பதையும் பல ஆண்டுகள் கழித்து அவனுடைய வகுப்புத் தோழர் சொல்லித்தான் அறிந்தேன். இன்று அவன் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். நல்ல நிலையில்தான் இருக்கிறான். கோயிலில் கண்டால் அதே அன்போடு "ஐயா" என்கிறான். அவன் குறை சொல்லாததே எனக்குக் குறையாக இருக்கிறது.

ஆகவே இம்முறை அறிவுரை கூறவில்லை. "பேராசிரியருக்கு எழுதிப் பண உதவி உண்டா என்று கேள்" என்று மட்டும் மாணவியிடம் சொன்னேன்.

"பணம் கேட்டா தப்பா நினைப்பாங்களே ஐயா?" என்றாள்.

நம் பிள்ளைகளின் பெருந்தடை இதுதான். எழுதினாள். இரண்டே நாளில் பதில் வந்தது. தம் ஆய்வு மானியத்திலிருந்து 24 மாதங்களுக்கு மாதம் 1,800 ரிங்கிட் தர இயலும் என்றும், பருவக் கட்டணத்தை அவளே கட்ட வேண்டும் என்றும் பேராசிரியர் எழுதியிருந்தார். அதைப் படித்துச் சொன்னபோதுதான் மேலே கண்ட கேள்வியைத் தந்தை கேட்டார்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இளங்கலை வரை நம் பெற்றோர்க்குத் தெரிந்தது ஒரே வழி: பிடிபிடிஎன் கடன். 1997-இல் தொடங்கிய அக்கடனே உயர்கல்வி என்றால் கடன் என்னும் எண்ணத்தை நம் மனத்தில் ஊன்றிவிட்டது. ஆய்வுப் படிப்பின் கணக்கு வேறு. அறிவியல் துறைகளில் ஆய்வு மாணவர் ஆய்வகத்தில் நாள் முழுதும் உழைப்பவர். அவருடைய உழைப்பால்தான் பேராசிரியரின் ஆய்வு நடக்கிறது. அவ்வுழைப்பிற்கு ஈடாகப் பணம் வரும் வழிகள் பெரும்பாலும் நான்கு.

ஒன்று, பேராசிரியரின் ஆய்வு மானியம். உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். எனப்படும் அடிப்படை ஆய்வு மானியத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் ஒரு பகுதியை ஆய்வு உதவியாளராகச் சேரும் மாணவர்க்குப் படியாகத் தரலாம்.

இரண்டு, பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து தகுதி பார்த்து வழங்கும் ஆய்வு உதவித்தொகை. இதற்குப் போட்டி மிகுதி; விண்ணப்ப நாள் தவறினால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும்.

மூன்று, இளங்கலை மாணவர்களுக்கு ஆய்வகப் பயிற்சி நடத்த உதவிப் பெறும் ஊதியம்.

நான்கு, அரசாங்கத் திட்டங்கள். 60,000 முனைவர்களை உருவாக்கும் இலக்கோடு மைபிரேய்ன் 15 என்னும் திட்டம் முன்பு இருந்தது; பின்னர் நிதி சுருங்கியது. 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மைபிரேய்ன் 2.0 என்ற பெயரில் 1 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டுடன் மீண்டும் அறிவிக்கப்பட்டது. இத்தகைய திட்டங்கள் வரும், போகும். அவ்வப்போது விசாரிப்பதே வழி.

விருதுகளும் உண்டு: சிறந்த ஆய்வேட்டுக்கான பரிசு, பட்டமளிப்பு விழாத் தங்கப் பதக்கம், கருத்தரங்கிற்குச் செல்லப் பயண உதவி போன்றவை. இவை பெருமைக்குரியவை, அடுத்த உதவித்தொகைக்குத் துணை நிற்பவை. ஆயினும் விருது ஒரு நாள் வரும். பசி நாள்தோறும் வரும். பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது மாதப் படியைப் பற்றியே.

குடும்பத்தின் பங்கு

1,800 ரிங்கிட் பெரும்பணம் அன்று. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட். மேலும், இத்தகைய படிக்குப் பெரும்பாலும் ஊழியர் சேமநிதி கிடையாது. தொழிற்சாலை வேலையோடு ஒப்பிட்டால் மாதம் 800 ரிங்கிட் குறைவு. இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காக்கும் தந்தைக்கு அந்த 800 ரிங்கிட் சிறிய தொகையா? "கல்வியின் அருமை தெரியாதவர்" என்று அவரைப் பேசுவது தவறு. அவர் போட்டது நேர்மையான கணக்கு.

அன்று நான் அவருக்குச் சொன்னது கணிதமேதை இராமானுசன் கதை. அவர் மேதைமையை எல்லாரும் பேசுகிறோம். அவருக்கு வந்த உதவித்தொகையைப் பற்றிச் சிலரே பேசுகிறோம். கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை ஆங்கிலத்தில் தவறியதால் இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகையை இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கியது. பட்டம் இல்லாதவர்க்கு எவ்வாறு தருவது என்ற தடையைக் கடந்தே அது கிடைத்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது அதன் விதி.

1914-இல் அவர் கேம்பிரிட்சுக்குச் சென்றபோது அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்கியது. அதில் 50 பவுண்டு ஊரிலுள்ள குடும்பத்தைக் காக்க ஒதுக்கப்பட்டது. வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் பிள்ளையின் மனம் ஆய்வில் நிற்கும் என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள்!

தந்தை நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரிங்க ஐயா, போகட்டும்" என்றார்.

பாட்டியின் கேள்வி

மாணவி எடுத்துக்கொண்ட ஆய்வு, ரப்பர்ப் பாலிலுள்ள புரதத்தைக் குறைப்பது பற்றியது. கையுறை அணிவோர் சிலருக்கு அப்புரதத்தால் ஒவ்வாமை உண்டாகும். இதைக் கேட்ட பாட்டி, "பாலுல ஆராய என்ன இருக்கு? நாந்தான் முப்பது வருசம் மங்கு மங்கா ஊத்தி எடுத்தேனே!" என்று சிரித்தாராம்.

பாட்டிக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் அங்கே நிற்கிறது. அவ்வாறு நம் பேராவில் வேர்கொண்ட பயிரை ஆராய 1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. அதற்கு நிதி எங்கிருந்து வந்தது? ஏற்றுமதியாகும் ரப்பர் மீது விதித்த தீர்வையிலிருந்து. அஃதாவது, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து மரம் சீவியவர்களின் உழைப்பிலிருந்து ஒரு துளி, அறிவியலறிஞர்களின் ஆய்வகத்திற்குச் சென்றுகொண்டே இருந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற புகழ்பெற்ற மரவகைகள் அவ்வாறு பிறந்தவையே. பாட்டி தம் ஆயுள் முழுதும் ஆராய்ச்சிக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார். அவருடைய பேத்தி இன்று ஆராய்ச்சிப் பணத்தைப் பெறுவது எவ்வகையிலும் இரவல் அன்று. இதை அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு பணம் கேட்க அவள் கூசியதில்லை.

வழியில் வந்த இடர்

எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. முதல் இரண்டு மாதங்கள் படி வரவில்லை. படிவம் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போய்ச் சேரவில்லையாம். அறை வாடகை முன்பணம், பதிவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் அந்த இரு மாதங்களில்தான். வேலைக்கே போய்விடலாமா என்று ஒரு நள்ளிரவில் செய்தி அனுப்பினாள்.

மறுநாள் ஆசிரியர் ஓய்வறையில் சொன்னேன். மூவர் சேர்ந்து 1,500 ரிங்கிட் திரட்டினோம். மூன்றாம் மாதம் நிலுவையோடு படி வந்தது. ஐந்தாம் மாதம் முடிவதற்குள் முழுத் தொகையையும் அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஓர் ஆய்வாளர் உருவாவதா இல்லையா என்பது அன்று 1,500 ரிங்கிட்டில் தொங்கியது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், நம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து ரிங்கிட்டாகச் செலுத்தியே தோட்டங்களை வாங்கினார்கள். அத்துணைப் பெரிய செயலை நான் கேட்கவில்லை. பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ இரண்டாயிரம் மூவாயிரம் ரிங்கிட்டை இத்தகைய இடைவெளிக்கென ஒதுக்கி வைக்கலாகாதா? பத்து வயதில் அறிவியல் விழாவில் பதக்கம் வாங்கும் பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அதே பிள்ளை இருபத்து நான்கு வயதில் உண்மையாகவே ஆராயப் புகும்போது நாம் யாரும் அருகில் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

பெற்றோர்களே, இத்தகைய கடிதம் வீட்டிற்கு வந்தால் முடிவெடுக்கும் முன் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள்.

1. மாதப் படி எவ்வளவு? எத்தனை மாதத்திற்கு?
2. கல்விக் கட்டணம் அதில் அடங்குமா, தனியா?
3. முதல் தொகை எந்த மாதம் கைக்கு வரும்?
4. மானியம் முடிந்தபின் ஆய்வு முடியாவிட்டால் என்ன ஏற்பாடு?
5. பகுதிநேர வேலைக்கு அனுமதி உண்டா?
6. இடையில் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

நான்காம் கேள்வியை மறக்கவே கூடாது. மானியங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆய்வேடு எழுதும் காலமோ அதையும் தாண்டி நீளும்.

அந்நான்காம் கேள்வியை நான் அன்று கேட்க மறந்துவிட்டேன். கேட்டவர் வேறொருவர்.

மாணவி இப்போது இருபதாம் மாதத்தில் இருக்கிறாள். அறை, சாப்பாடு, கட்டணம், பேருந்து எல்லாம் போக, நான்காம் மாதம் முதல் வீட்டிற்கு 300 ரிங்கிட் அனுப்பி வருகிறாள். கடந்த பள்ளி விடுமுறையில் அவர்கள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவளுடைய தாயார் முறுக்குப் பிழிந்த கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சேமிப்புப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். மகள் அனுப்பிய பணத்தில் ஒரு காசும் எடுக்கப்படவில்லை. பதினேழு மாதம், 5,100 ரிங்கிட்.

"இருபத்து நாலு மாசம் முடிஞ்சா அந்தப் பணம் நின்னுடும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் எழுதி முடிக்கிற வரைக்கும் புள்ள எதை வச்சுச் சாப்பிடும்? அதான் எடுத்து வச்சிருக்கேன் ஐயா. அவகிட்ட சொல்லிடாதீங்க."

நானும் சொல்லவில்லை.