தேதி தெரிந்தவன்

விற்றே ஆக வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வீட்டை விலை குறைத்து வாங்கி, கைமாற்றி விற்பது என் தொழில். ஊர் கோயம்புத்தூர். என் பத்திரங்களில் வில்லங்கம் கிடையாது. என்னை எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கப் போவதில்லை. அதனால்தான் நானே முன்வந்து சொல்ல வேண்டியிருக்கிறது: நான் ஒரு குடும்பத்தை ஏமாற்றினேன்.

எங்கள் தொழிலில் வீடு எப்படி இருக்கிறது என்பதை அப்புறம்தான் பார்ப்போம். விற்பவருக்கு என்ன அவசரம், எத்தனை நாள் தாங்குவார் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அண்ணன் தம்பி பாகத் தகராறு, ஆஸ்பத்திரிச் செலவு, விவாகரத்து, பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டதால் பூட்டிக் கிடக்கும் வீடு என்று ஒவ்வொன்றும் எங்களுக்கு ஒரு வாய்ப்பு. புரோக்கருக்கு முன்னால் இஸ்திரி வண்டிக்காரருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் சேதி தெரிந்துவிடும். அவர்களோடு நின்று டீ குடிப்பதும் தொழிலில் சேர்த்திதான்.

ஆனால் எனக்கு அதிகம் உதவியது செய்தித்தாள். கடன் தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்தும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பும். அதற்குள் கட்டாவிட்டால், வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொண்டதாக வாசலில் ஒட்டி, இரண்டு நாளிதழ்களிலும் அறிவிப்புப் போடும். கடன் வாங்கியவர் பெயர், பாக்கித் தொகை, சர்வே நம்பர், நான்கு எல்லை எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துப் பதிவுத்துறை இணையதளத்தில் ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தால், அந்த வீடு எப்போது வாங்கியது, எப்போது அடமானம் போனது என்ற வரலாறு முழுவதும் வந்துவிடும். வீட்டுக்காரரைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய கஷ்டத்தின் அளவு என் கையில் இருக்கும்.

அப்படித்தான் எங்கள் ஊரின் கணபதிப் பகுதியில் ஒருவரைக் கண்டுபிடித்தேன். லேத் வைத்து ஜாப் ஆர்டர் செய்தவர். 2021இல் இரும்பு விலை ஏறியபோது, பழைய கூலிக்கே வேலை செய்துகொடுத்துக் கையைக் கடித்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். பட்டறைக்காக வாங்கிய கடனுக்கு வீட்டை ஜாமீனாக வைத்திருந்தார். நான் போனபோது, வங்கி நோட்டீஸை மின்சாரக் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். தொகைக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. தேதிகளுக்குக் கீழே எந்தக் கோடும் இல்லை. அதை நான் கவனித்துக்கொண்டேன்.

வங்கி பாக்கி 41 லட்சம். வீட்டுக்கு 60 லட்சம் என்று பேசி முடித்தோம். வங்கியின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு கிரயம் செய்து, கடனை அடைத்தது போக 19 லட்சம் அவர் கையில் நிற்கும். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டேன். அன்று இரவு அந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

அதன் பிறகு நான் வேண்டுமென்றே இழுத்தடித்தேன். லீகல் பார்க்கணும் என்றேன். வக்கீல் ஊரில் இல்லை என்றேன். தாய்ப்பத்திரத்தின் நகல் வரட்டும் என்றேன். எல்லாமே முதல் வாரத்தில் முடிந்துவிட்ட வேலைகள். அக்ரிமென்ட் போட்டுவிட்டதால் அவர் வேறு யாரிடமும் விலை பேச முடியாது. நான் காத்திருந்தது ஒரு தேதிக்காக.

ஏலத்தன்று காலைவரை பணம் கட்டி வீட்டை மீட்கலாம் என்று அவர் நம்பியிருந்தார். 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அது முடியாது. ஏல அறிவிப்பு வெளியானதோடு மீட்கும் உரிமை போய்விடுகிறது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. எனக்கு இது தெரியும். ஏல வேலைகளைப் பார்க்கும் ஆட்களோடு பழக்கம் இருந்ததால், அறிவிப்பு எந்த வாரம் வரும் என்பதும் தெரியும். அந்த வாரம் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. வந்ததும், அறிவிப்பு வெளியாகும் முன்பே போய், விஷயத்தைச் சொல்லி, 54 லட்சத்துக்குத்தான் முடியும் என்றேன்.

“பேசுன வார்த்தைன்னு ஒண்ணு இருக்குதுங்களே தம்பி” என்றார்.

“ஏலத்துக்குப் போச்சுன்னா ஒரு ரூபா கையில நிக்காதுங்கண்ணா” என்றேன்.

அது பொய். வங்கி அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்புப் போட்டுத்தான் அடிப்படை விலை வைக்க வேண்டும். ஏலத்தில் வரும் பணத்தில் பாக்கியும் செலவும் போக மிச்சம் இருந்தால், அது உரியவருக்கே திரும்பிச் சேர வேண்டும். சட்டத்திலேயே இருக்கிறது. அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அப்போது அவர் மனைவி உள்ளே இருந்து வந்து கேட்டார்: “பாப்பாவுக்கு பிளஸ் டூ பரீட்சை முடியற வரைக்கும் இங்கயே இருந்துக்கலாங்களா?” இருக்கலாம் அக்கா, ஆனால் காலி வீடாக வாங்கினால்தான் என்னால் உடனே விற்க முடியும் என்று சொல்லி, இன்னும் இரண்டு லட்சம் குறைத்தேன். ஒரு பெண்பிள்ளை தன் வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்கு நான் விலை வைத்தேன். 52 லட்சத்துக்குக் கிரயம் ஆனது. 19 லட்சம் நிற்க வேண்டிய கையில் 11 லட்சம் நின்றது.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் சொல்லிவிடுகிறேன். நான் இல்லாவிட்டால் இன்னொருவன் வாங்கியிருப்பான். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமே 9 சதவீதம் ஆகிறது, எனக்கு என்ன மிஞ்சும்? ஏலம் போய்ப் பேர் கெடுவதை விட இது மேல். இவற்றில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கடனில் மூழ்குகிறவரிடம் ரொக்கத்தோடு போய் நிற்பவர் உண்மையிலேயே உதவ முடியும். குறைந்த விலைக்கு வாங்குவதே பாவம் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. முதல் வாரத்திலேயே 60 லட்சத்துக்குக் கிரயம் செய்திருந்தாலும் எனக்கு லாபம் கிடைத்திருக்கும். அவருடைய கஷ்டம் நான் உண்டாக்கியது அல்ல. ஆனால் அதை முற்றவிட்டு, அந்த முற்றலில் காசு பார்த்தவன் நான்.

வீட்டை நல்ல லாபத்துக்கு விற்றேன். பிறகு ஒருநாள் அவரை வேறொருவருடைய பட்டறையில் கூலிக்கு நிற்பதைப் பார்த்தேன். “அன்னைக்கு நீங்க வரலீன்னா மானமே போயிருக்குமுங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நன்றியை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அவருடைய வாடகை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “எல்லாந் தெரிஞ்சேதான் பண்ணுனீங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பரீட்சைக்காகக் குறைத்த இரண்டு லட்சத்தை முன்னால் வைத்தேன். அவர் மனைவி அதை எடுத்து எண்ணினார். “இது எங்க பணந்தானுங்க” என்றார். மன்னித்ததாக யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை. மீதி ஆறு லட்சம் இன்னும் நான் கொடுக்க வேண்டிய கடன். அதைப் பகுதி பகுதியாகத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போதும் நெருக்கடியில் இருப்பவர்களிடம் வீடு வாங்குகிறேன். சட்டம் விற்பவருக்குக் கொடுத்திருப்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் விலை பேசுகிறேன். ஒரே விலை. அவருக்கென்று தனியாக ஒரு வக்கீல் பார்த்த பிறகே கையெழுத்து. லாபம் குறைந்திருக்கிறது, அது குறைய வேண்டியதுதான்.

உங்கள் வீட்டுக்கு அந்த நோட்டீஸ் வந்திருந்தால், தொகையோடு நிறுத்தாமல் தேதிகளைப் படியுங்கள். 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே தவணையில் கடனைத் தீர்க்க வழி உண்டா என்று வங்கியிடமே கேளுங்கள். வீட்டை வசப்படுத்திய பிறகும் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கோவையிலேயே இருக்கிறது. அக்ரிமென்டில் கிரயத்துக்கு ஏல அறிவிப்புக்கு முந்திய கெடு போடுங்கள். அந்தக் கெடு தப்பினால் நீங்கள் வேறு ஆளுக்கு விற்கலாம் என்று எழுதி வாங்குங்கள். வாங்க வருகிறவர் இவற்றை உங்களுக்குச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் சொல்லவில்லை.